வாயும் ஓயாது, கையும் தவறாது

அடி ராட்சசி,

உன் மெயிலைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், பல் தேய்த்துக்கொண்டிருந்த இவர் நுரை வாயோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புக்கு அத்தனை ரூபாயைக் கொட்டி அழுதுவிட்டு, முதல் நாளே ஒரே ஒரு உலர்திராட்சையை உள்ளங்கையில் வைத்து, பார், முகர், காதுகிட்டே வைத்து உருட்டு, அப்புறம் மெல்ல மென்னு என்றார்களா? அதுவும் உன்னிடம்! பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கிறவளிடம்!

முழுக்கக் கிண்டல் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தத் திராட்சைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், எந்த மருந்துக்கும் அடங்காத நாள்பட்ட வலிக்காரர்களுக்காக ஆரம்பித்த பயிற்சி அது. எட்டு வாரக் கணக்கும் அங்கிருந்து வந்ததுதான். வலியோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அது உதவுகிறது என்றால் நான் யார் குறை சொல்ல? ஆனால் உங்கள் டீச்சரம்மா, “வாயை மூடினால்தான் மனசு ஒரு இடத்தில் நிற்கும்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது. எங்கள் கீழ்வீட்டு ஆயியை அந்த அம்மாள் ஒரு தடவை பார்த்தால் நன்றாக இருக்கும்.

இங்கே கொஞ்சம் வயசான அம்மாக்களை எல்லாரும் ஆயி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்கைச் சுளுக்கிக்கொள்ளாமல் சொல்ல வந்த முதல் சீன வார்த்தை அதுதான். நாங்கள் இருக்கும் சாவோஜோ, குவாங்டோங் மாகாணத்தின் கிழக்கு மூலையில் இருக்கிறது. சிங்கப்பூரில் தியோச்சியூக்காரர்கள் என்று சொல்வார்களே, அவர்களுடைய பூர்வீக ஊர் இது. ஊரில் பாதிப் பேர் பீங்கான் தொழிலில். இவர் வந்திருக்கும் வேலையை உன் மாமியாரிடம் சொல்லும்போது “ஏற்றுமதித் தரக்கட்டுப்பாடு” என்று கௌரவமாகச் சொல். கழிப்பறைப் பீங்கானைத் தட்டித் தட்டிப் பார்க்கிற வேலை என்று சொல்லித் தொலைக்காதே.

அந்தத் தொழிற்சாலையில்கூட முதலில் தேநீர்தான். முதலாளி மேஜையில் கணினி ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்கும், நட்டநடுவில் தேநீர்த் தட்டு. டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை, எங்கே நுழைந்தாலும் அதே தட்டு, அதே சின்ன மூடிக்கிண்ணம், அதே மூன்று குட்டிக் கிண்ணங்கள். குங்ஃபூ சா என்று பெயர். சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது, பயப்படாதே.

மூன்று கிண்ணம் என்றேன் இல்லையா? நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் மூன்றுதான், ஏழு பேர் என்றாலும் மூன்றுதான். முதல் சுற்று பெரியவர்களுக்கு. குடித்து முடித்ததும் கொதிநீரில் கிண்ணத்தை உருட்டிக் கழுவி அடுத்தவர்களுக்கு ஊற்றுகிறார்கள். “நீங்க எடுங்க”, “இல்ல இல்ல, நீங்க எடுங்க” என்று ஒரு உபசாரச் சண்டை நடக்கும் பார், நம் கல்யாண வீட்டுப் பந்தி தோற்றது. முதல் நாள் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எச்சில் பார்த்து வளர்ந்தவள் நான், அண்ணாந்து குடிக்காதவனுக்குச் சொம்பு தராத வீட்டுப் பெண். யாரோ உறிஞ்சிய கிண்ணம் என் முன்னால் ஆவி பறக்க வந்து உட்கார்ந்திருக்கிறது! ஆயி என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அந்தக் கிண்ணத்தை எடுத்து மறுபடி ஒரு தரம், நான் நன்றாகப் பார்க்கும்படி நிதானமாக, கொதிநீரில் உருட்டிக் காட்டிவிட்டு வைத்தாள். அன்றைக்கே நான் சரண்டர்.

ஆயிக்கு எழுபது தாண்டியிருக்கும். வாய் நிற்காது. அவள் பேசுவது தியோச்சியூ, எனக்குத் தெரிந்தது ஓட்டை மாண்டரின். அவள் மருமகள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாள். அவளும் செங்டூவிலிருந்து வந்தவள், மாமியார் பேச்சு அவளுக்கே பாதிதான் புரியும். ஆக, நான் கேட்கும் வம்பு இரண்டு தரம் வடிகட்டி வருவது. அப்படியும் ருசி குறையவில்லை.

இப்போது அந்தக் கையைப் பற்றிச் சொல்கிறேன். ஊருக்கு வடக்கே ஃபீனிக்ஸ் மலை இருக்கிறது. அங்கே விளையும் தான்சோங் என்ற ஊலோங் தேயிலைதான் இந்த வீட்டில். இலை கறுத்து, நீளமாக முறுக்கிக்கொண்டிருக்கும். மூடிக்கிண்ணம் நூறு மில்லி பிடித்தால் அதிகம். அதில் எட்டு கிராம் வாக்கில் போடுவாள், நம் கணக்கில் அது அநியாயம். உலர்ந்த இலை கிண்ணத்தை முக்கால்வாசி அடைத்துக்கொள்ளும். பெரிய இலை அடியில், தூளும் துண்டும் நடுவில், மேலே மறுபடி பெரிய இலை. இப்படி அடுக்கினால் தூள் நேராகத் தண்ணீரில் கலந்து கசக்காது. கொதிநீரை உயரத்திலிருந்து, கிண்ணத்தின் விளிம்பை ஒட்டி, வட்டமாக விடுவாள். இலையின் நடு மண்டையில் ஊற்றவே மாட்டாள். நுரை எழும்பும். மூடியால் அதை ஒரே வழிப்பில் தள்ளிவிடுவாள். முதல் தண்ணீர் கிண்ணங்களைக் கழுவப் போய்விடும்.

அடுத்து ஊற்றுவதுதான் குடிக்க. ஊற்றிய மாத்திரத்தில் வடித்தாக வேண்டும். நாலு விநாடி தூங்கிவிட்டால் தான்சோங் கஷாயம்தான். கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பில், ஆள்காட்டிவிரல் மூடிக் குமிழில், அந்தச் சூட்டை எப்படித் தாங்குகிறாளோ! மூன்று கிண்ணங்களையும் நெருக்கி வைத்துச் சுற்றிச் சுற்றி ஊற்றுவாள், எந்தக் கிண்ணத்திலும் நிறம் ஏறவோ இறங்கவோ கூடாது. கடைசியில் சொட்டும் அடர்த்தியான துளிகளையும் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று என்று பங்கு வைப்பாள். இதற்குப் பழைய போர்த் தளபதிகள் பெயரில் பட்டமே வைத்திருக்கிறார்கள்: குவான் கோங் கோட்டையைச் சுற்றி வருகிறார், ஹான் ஷின் படைவீரர்களை எண்ணுகிறார் என்று. இத்தனையும் நடக்கும்போது ஆயியின் வாய், இரண்டாம் மாடிக்காரியின் தம்பி எவளோடு ஓடினான் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும். கண் அவ்வப்போதுதான் கிண்ணத்துக்கு வரும்.

பேச்சு ஒரே ஒரு இடத்தில்தான் தடைபடும். கெட்டில். நீ இன்றைக்கே உன் அடுப்பில் காது கொடுத்துக் கேள். தண்ணீர் சூடேறும்போது முதலில் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். அடியில் கிளம்பும் ஆவிக் குமிழிகள், மேலே இன்னும் சூடேறாத தண்ணீரில் பட்டு உடையும் சத்தம் அது. முழுக்கக் கொதித்ததும் குமிழிகள் உடையாமல் மேலே வந்துவிடும், இரைச்சல் சட்டென்று தணிந்து கனத்த குரலாகிவிடும். அந்தத் தணிவு வரும்போது ஆயி பாதி வாக்கியத்தில் இருந்தாலும் கை தானாக நீளும். எட்டாம் நூற்றாண்டிலேயே, தேநீர் நூல் எழுதிய லூ யூ, கொதியை மூன்றாகப் பிரித்திருக்கிறார்: மீன்கண் மாதிரிக் குமிழி, ஓரத்தில் கோத்த முத்து மாதிரிக் குமிழி, அப்புறம் அலை. அவர் திறந்த பாத்திரத்தில் காய்ச்சினார், பார்க்க முடிந்தது. பதினோராம் நூற்றாண்டில் தேநீரைப் பற்றி எழுதிய ட்சாய் ஷியாங் காலத்தில் குறுகிய கழுத்துள்ள குடுவைக்கு மாறிவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது, அதனால் தண்ணீரின் பக்குவம் அறிவதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்று அவர் புலம்பி வைத்திருக்கிறார். கண் போன இடத்தில் காது வேலைக்கு வந்தது. பழைய வீடுகளில் இன்னொரு வழியும் இருந்ததாம். கரியடுப்பைத் தேநீர்த் தட்டிலிருந்து ஏழு தப்படி தள்ளி வைப்பார்கள். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏழு தப்படி நடந்தால் தண்ணீர் எந்த அளவு ஆற வேண்டுமோ அந்த அளவு ஆறியிருக்கும். காலால் சூடு அளந்திருக்கிறார்கள் பார்!

இந்த இடத்தில் மருமகள் கதையைச் சொல்லியாக வேண்டும். அவள் சாமர்த்தியக்காரி. வந்த புதிதில், மாமியார் முன்னால் கை நடுங்கக் கூடாது என்று டிஜிட்டல் தராசு, டிகிரி காட்டும் கெட்டில், விநாடி எண்ணும் கடிகாரம் எல்லாம் வாங்கிவிட்டாள். ஆயி அதைப் பார்த்து, “மருந்துக்கடை வைக்கப்போறியா?” என்று கேட்டாளாம். வீட்டில் இரண்டு நாள் மௌன விரதம். மருமகள் பழிவாங்கிய விதம்தான் எனக்குப் பிடித்தது. ஆயி விரலால் அள்ளிப் போடும் இலையை, அவள் முகம் திருப்பும்போது எடுத்து எடுத்து எடை போட்டிருக்கிறாள். எட்டு கிராமுக்கு அரைக்கால் இப்படி, அரைக்கால் அப்படி. ஒரு நாள் மட்டும் ஆறுக்கும் கீழே. மாட்டினாள் கிழவி என்று நினைத்துக் குடித்துப் பார்த்தால், தேநீர் அச்சு அசல் நேற்றைய மாதிரியே இருந்திருக்கிறது. அன்றைக்குப் பையின் அடிப்பக்கத்து இலை, எல்லாம் நொறுங்கியது. நொறுங்கிய இலை சீக்கிரம் இறங்கும். ஏன் குறைத்தாய் என்று கேட்டதற்கு ஆயிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில், “பையை ஆட்டினப்போ சத்தம் சன்னமா இருந்துது” என்றாள்.

நான் மருமகள் கட்சிதான், தெரியுமா? தராசு வேண்டாம், மனசால் அள பாப்பா என்று புதிதாக வந்தவளிடம் சொல்வது சுத்த அக்கிரமம். ஆயி அஞ்சு வயசிலிருந்து கிண்ணம் கழுவியவள். அவள் கைக்குள் இருக்கும் தராசைச் செய்ய அறுபது வருஷம் ஆனது. செங்டூப் பெண் அதைக் கடையில் வாங்கினாள், அவ்வளவுதான். ஆனால் தான்சோங் விஷயத்தில் எண்ணை மட்டும் நம்பினால் பிழைப்பு நடக்காது. அந்தப் பெயரே தனி மரம் என்ற கணக்கில் வந்தது. பழைய மரங்களின் இலையைப் பறிப்பது, வாட்டுவது, கரியில் வறுப்பது எல்லாம் மரத்துக்கு மரம் தனித்தனி. போன மாதம் எட்டு கிராமில் மணந்தது, மழை ஈரம் பட்ட இந்த மாதம் அசமந்தமாக இருக்கும். புதிதாக வறுத்தது இன்னும் சூடு தணியாமல் தொண்டையைக் கீறும். மருமகளும் இப்போது தராசைப் பார்ப்பது புதுப் பை பிரிக்கும் அன்று மட்டும்தான்.

ருசி எப்படி என்று கேட்பாய். முதலில் ஒரு கசப்பு, கொஞ்சம் துவர்ப்பு, முகம் சுளிப்பதற்குள் தொண்டையின் அடியிலிருந்து தித்திப்பு ஏறி வரும். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தது போல. வாசனையோ, தேனும் பூவும். வாசனையை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். அதில் ஒன்றுக்கு வாத்துப்பீ வாசனை என்று பெயர்! சத்தியமாக. அருமையான மரம் கிடைத்த ஒரு விவசாயி, எவனும் கிளையை ஒடித்துக்கொண்டு போய் நட்டுவிடக் கூடாதென்று, கேட்டவர்களிடம் எல்லாம் அப்படிச் சொல்லி வைத்தானாம். 2014-இல் வெள்ளிப்பூ வாசனை என்று நாகரிகமாகப் பெயர் மாற்றினார்கள். யாரும் சீண்டவில்லை. வாத்துப்பீ என்றால்தான் கடையில் விலை போகிறது.

பழைய நகரத்தில் ஒரு தேநீர் வகுப்புக்கும் போய்வந்தேன், அந்த வயிற்றெரிச்சலைக் கேள். 2008-லேயே இந்த ஊர்த் தேநீரைச் சீன அரசு தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2022-இல் சீனத் தேநீர் மரபுகள் யுனெஸ்கோ பட்டியலுக்கும் போய்விட்டன. அதிலிருந்து வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள். வகுப்பில் வெள்ளை லினன் உடுப்பு, பின்னால் சீனத் தந்தி வாத்தியம், 21 படிகள் அச்சடித்த அட்டை. மூச்சை இழு, கிண்ணத்தைத் தூக்கு, மூச்சை விடு. சொல்லிக்கொடுத்த பெண்ணின் விரல்கள் அழகு, மறுக்க மாட்டேன். ஆனால் எனக்கு எதிரே இருந்த பெரியவர் ஒருவர், கிண்ணம் சுட்டு, விரலை மடிக்குள் மறைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் “இந்தக் கணத்தில்” இருந்தோமே, அவரை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆயி வீடாக இருந்தால், அந்த ஓடிப்போன தம்பிக் கதைக்கு நடுவிலேயே அவர் கிண்ணம் ஒரு நிமிஷம் தாமதமாகப் போயிருக்கும்.

அவள் பார்ப்பது இலையை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது மருமகள் விஷயத்தில்தான். (இதை யாரிடமும் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை, சீனாவுக்கு எட்டாது.) ஒரு சாயங்காலம் கவனித்தேன். ஆயி மூன்று கிண்ணத்திலும் தேநீர் ஊற்றினாள், அப்புறம் நாலாவதாக எங்கிருந்தோ ஒரு கிண்ணத்தை எடுத்து, வெறும் வெந்நீர் ஊற்றி மருமகள் பக்கம் நகர்த்தினாள். அந்த வீட்டில் நாலாவது கிண்ணத்தை நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது. மருமகள் முகம் சிவந்துவிட்டது. அவள் புருஷனுக்கே சொல்லியிருக்கவில்லை! கிழவிக்கு ஏதோ சக்தி இருக்கிறது, கனவில் தெரிந்திருக்கும் என்று என்னிடம் வந்து கிசுகிசுத்தாள். சக்தியும் இல்லை, கனவும் இல்லை. நானும்தான் அதே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வடித்ததும் மூடியை முகர்ந்து பார்ப்பது இங்கே வழக்கம். கொஞ்ச நாளாக மருமகள் மூடியை வாங்கி, மூக்கருகே கொண்டுபோகாமலே அடுத்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை உதட்டில் ஒற்றிவிட்டுக் கீழே வைத்தாள். எல்லாம் என் கண்ணிலும் பட்டதுதான். எனக்கு ஓடிப்போன தம்பிதான் முக்கியமாக இருந்தான்.

இதற்காக ஆயியை ஞானி ஆக்கிவிடாதே. லாட்டரிச் சீட்டு எண்ணையும் அதே நிச்சயத்தோடு தேர்ந்தெடுக்கிறாள், அஞ்சு பைசா வந்ததில்லை. நாலாம் மாடிக்காரன் கள்ளக்கடத்தல் செய்கிறவன் என்று என்னிடம் சத்தியம் செய்தாள். அவன் பல் டாக்டர். உள்ளுணர்வு ஒரு இடத்தில் பலித்து இன்னொரு இடத்தில் ஏன் பலிக்காது என்று யோசித்தவர்கள் டேனியல் கானமன், கேரி கிளைன் என்று இரண்டு உளவியல்காரர்கள். ஒருவர் உள்ளுணர்வைச் சந்தேகப்படுகிறவர், மற்றவர் நம்புகிறவர். இருவரும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். விஷயம் ஒரு ஒழுங்குக்குள் நடப்பதாக இருக்க வேண்டும், செய்ததன் பலன் உடனுக்குடன் தெரிந்து பழகியிருக்கவும் வேண்டும், அங்கேதான் உள்ளுணர்வை நம்பலாம் என்று இருவரும் ஒத்துப்போனார்கள். ஆயியை நேரில் பார்த்து எழுதினார்களோ என்று தோன்றும். தேநீர் பத்து விநாடியில் நாக்கில் வந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. லாட்டரிக்காரன் எந்தப் பாடமும் நடத்துவதில்லை. பல் டாக்டரோ ஆயி வீட்டுத் தட்டுக்கு வந்து ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

பின்கட்டில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கிறார், ஆயி வீட்டுக்குத் தினமும் வருவார். (அவர் மனைவி போய்ச் சில வருஷம் ஆகிறது. ஆயி அவர் வந்ததும் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போடுகிறாள். விருந்தாளிக்குப் புது இலை என்பது இங்கே மரியாதை, சரி. தினமும் வருகிற விருந்தாளிக்குத் தினமுமா? நான் ஒன்றும் சொல்லவில்லை.) அவர் ஜுவாங்சி என்ற பழைய சீனத் தத்துவ நூலிலிருந்து ஒரு கதை சொன்னார். அரசர் மேலே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார், கீழே ஒரு தச்சன் சக்கரம் செதுக்குகிறான். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்கிறான். மகான்களின் வார்த்தை. உயிரோடு இருக்கிறார்களா? இல்லை. அப்படியானால் நீங்கள் படிப்பது சக்கை என்கிறான். அரசருக்குக் கோபம், காரணம் சொல்லாவிட்டால் தலை போகும். உளியை மெதுவாக விட்டால் ஒரு தப்பு, வேகமாக விட்டால் ஒரு தப்பு, நடுவில் இருப்பது கைக்குத் தெரிகிறது, வாய்க்கு வரவில்லை, என் மகனுக்கே சொல்லித்தர முடியாமல் எழுபது வயசில் நானே செதுக்கிக்கொண்டிருக்கிறேன் என்கிறான் தச்சன். வாத்தியார் கண்ணை மூடி லயித்துச் சொல்லி முடித்தார். ஆயி, “ஆறிப்போச்சு, குடியும்” என்று அவர் கிண்ணத்தைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். இவரோடு வேலை பார்க்கிறவர் அடுத்த வாரம் சென்னை வருகிறார், கால் கிலோ தான்சோங் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வாத்துப்பீதான், உன் மாமியாரிடம் பெயரைச் சொல்லாதே. சின்ன மூடிக்கிண்ணம் ஒன்று துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கிண்ணம் முக்காலுக்கு இலை, கை வந்த பிறகு கூட்டிக் குறைத்துக்கொள். ஊற்றினதும் வடி, போனை எடுக்காதே. கசந்தால் இலையைக் குறைக்காதே, முதலில் சீக்கிரம் வடித்துப் பார். ஒரே இலையில் ஏழெட்டுத் தரம் இறங்கும், முதல் வாயோடு தூக்கிக் கொட்டிவிடாதே. தனியாக உட்கார்ந்து தியானம் பண்ணாமல், எதிர்வீட்டு ருக்குவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள். அவள் நகையை அடகு வைத்தாளா இல்லையா என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

அந்த மனிதர் சென்னையில் இறங்கிய அன்றைக்கே போய்ப் பொட்டலத்தை வாங்கிவிடு. அவர் மனைவி கையில் சிக்கினால், பால் விட்டு ஏலக்காய் தட்டிப் போட்டுவிடுவாள்.

உன்
வம்புக்காரி